வராத சனிக்கிழமைக்கு ஒரு கப்பல்

நிகுதோரோ தீவு,
12 ஜனவரி 1995, வியாழன்.
(தங்களுக்கும் இன்று வியாழன்தான். இப்படி எழுதவே கை கூசுகிறது.)

வெளித்தீவு அமைச்சகத்தின் துணைச் செயலாளரும், என் மனைவி தபேயாவின் கூடப்பிறந்த அண்ணனும், ஆகவே எனக்கு இரண்டு வழியிலும் மேலானவருமான மதிப்புமிகு யோதேபா அவர்களுக்கு, நிகுதோரோ தீவு அதிகாரி கபுரோரோ பயத்துடன் எழுதிக்கொள்வது.

பணிவுடன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா பயத்துடன் என்று எழுதிவிட்டது. அடித்தல் திருத்தல் உள்ள கடிதங்கள் திருப்பி அனுப்பப்படும் என்ற தங்கள் பழைய சுற்றறிக்கை நினைவுக்கு வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். தாங்களும், தங்கள் வீட்டில் அக்காவும், அக்காவின் முழங்காலும், பிள்ளைகளும் தலைநகர் தராவாவில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே மழை போதுமான அளவு பெய்தது. பபாய்க் கிழங்குக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. கொடிக்கம்பத்துக்குச் சாயம் பூசிவிட்டோம்.

தங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்பதைத்தான் தாங்கள் முதலில் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் போகிறேன். ஆனால் தீவு அதிகாரிகள் அறிக்கை எழுதும்போது நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வேண்டும், முடிவை முன்னால் போட்டு மேலதிகாரியின் மனதைச் சாய்க்கக் கூடாது என்று தாங்களே ஒரு விதி போட்டிருக்கிறீர்கள். கொப்பரைக் கொட்டகை தீப்பிடித்த அறிக்கையில் முதல் வரியிலேயே 'தீ அணைந்துவிட்டது' என்று எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு ஆயுசுக்கும் போதும். ஆகவே வரிசைப்படி வருகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் மாதம் தங்கள் சுற்றறிக்கை வந்தது. நாட்டின் நடுவே தேதிக்கோடு ஓடுவதால் இத்தனை காலமாகத் தராவாவில் சனிக்கிழமை விடிந்தால் எங்கள் பக்கத் தீவுகளுக்கு வெள்ளிக்கிழமை, தாங்கள் திங்கட்கிழமை அலுவலகம் திறந்து எங்களைக் கூப்பிட்டால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருப்போம், நாங்கள் வெள்ளிக்கிழமை வேலைக்கு உட்கார்ந்தால் தாங்கள் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போயிருப்பீர்கள், வாரத்தில் நாலு நாள்தான் நாம் ஒருவரோடு ஒருவர் பேச முடிந்தது, இனி நாடு முழுக்க ஒரே நாள், அதனால் வெளித்தீவுகளில் டிசம்பர் முப்பது வெள்ளிக்குப் பிறகு நேராக ஜனவரி ஒன்று ஞாயிறு, முப்பத்தொன்று சனிக்கிழமை கிடையாது என்று அதில் இருந்தது. நல்ல ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நாலாவது பத்திக்கு வந்ததும்தான் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். '31-12-1994 என்று தேதியிட்டு இத்தீவுகளில் பிறப்பு, இறப்பு, திருமணம், வருகை எதையும் பதிவு செய்யக் கூடாது, மீறும் அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். நடவடிக்கை என்ற சொல்லுக்குக் கீழே தாங்கள் கோடு வேறு போட்டிருந்தீர்கள்.

பொதுக்கூடமான மனேபாவில் ஊரைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டினேன். எல்லாரும் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் கிழவர் நபுவாக்கா, அவர் வாய் தங்களுக்குத் தெரியும், கையைத் தூக்கினார்.

"அதிகாரி தம்பி, அந்த நாள எங்க கொண்டுபோறீங்க?"

"எங்கயும் கொண்டுபோகல. அது வராது, அவ்வளவுதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் தென்னையில கட்டுன பதநீர ஞாயித்துக்கிழமைதான் எறக்கணுமா? அது கள்ளாப் போயிடுமே. சர்ச்சுக்குக் குடிச்சுட்டா போறது?"

"நடுவுல ஒரு ராத்திரிதான் பெரியவரே. படுத்து எந்திரிச்சா ஞாயிறு."

"அப்ப அன்னிக்குச் சாக வேண்டியவன்?"

"அன்னிக்குச் சாகமாட்டான்."

மனேபா முழுக்க ஒரு திருப்தி பரவியது. கிழவர் விடவில்லை.

"அன்னிக்குப் பொறக்க வேண்டியது?"

நான் சுற்றறிக்கையைப் புரட்டினேன். மொத்த ஊரும் திரும்பி, கிழக்குப் பக்கத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தபேயாவின் வயிற்றைப் பார்த்தது. அவள் விசிறிக்கொண்டிருந்த ஓலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மச்சான், அந்தப் பார்வையிலிருந்து தொடங்கின பயம் இன்னும் என்னை விடவில்லை.

இரண்டு தடவை எங்கள் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாவது தடவை தாங்களே வந்து சின்னக் குழியைத் தோண்டினீர்கள். இது மூன்றாவது. தீவு நர்ஸ் தெபோரா டிசம்பர் பாதியில் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "குறுக்க கெடக்குது அதிகாரி. மாசக் கடைசிக்குள்ள கிறிஸ்மஸ் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க. இங்க வச்சுக்கிட்டு என்னால பொறுப்பேத்துக்க முடியாது" என்று சொன்னாள். அன்றே தங்களுக்குத் தந்தி அடித்தேன். தாங்கள் ஓடியாடி அமைச்சகத்துக் கப்பலைத் திருப்பிவிட்டதற்கு நான் எத்தனை ஜென்மம் எடுத்தும் நன்றி சொல்லித் தீராது. ஆணை வந்தது. எனக்கு ஒரு பிரதி, கப்பல் கேப்டன் கதரக்கேவுக்கு ஒரு பிரதி. அதில், '31-12-1994 சனிக்கிழமை நிகுதோரோவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு கிறிஸ்மஸ் தீவுக்குச் செல்க' என்று இருந்தது.

மேசையில் இடது பக்கம் தங்கள் சுற்றறிக்கை, அதில் அந்த நாள் கிடையாது. வலது பக்கம் தங்கள் ஆணை, அதில் அந்த நாளில்தான் கப்பல். இரண்டிலும் தங்கள் பெயர். தவறு என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், தங்கள் மாதிரி நூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்கு நாள் ஒன்று முன்னே பின்னே இருக்கும், நான் சும்மா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தபேயா, "எங்கண்ணன்கிட்ட நேரா கேளுங்களேன், தேதி தப்பா இருக்குன்னு" என்றாள். ஆணையில் பிழை என்று தங்களுக்குத் தந்தி அடித்த அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் இப்போது ஆளே இல்லாத தீவில் பறவை எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் அந்தப் பறவை எண்ணுகிறவருக்கு உதவியாளர். நான் மூன்று தந்தி எழுதிக் கிழித்துப் போட்டு, டிசம்பர் இருபத்தொன்பது வியாழக்கிழமைதான் தைரியம் வந்து, 'ஆணை கிடைத்தது. தேதி கவனிக்கப்பட்டது. தாங்களும் ஒருமுறை கவனித்தால் நன்றியுடையவனாவேன்' என்று அனுப்பினேன். அதற்கே எனக்கு வியர்த்து சட்டை நனைந்துவிட்டது.

இங்கே எங்கள் அலுவலக நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும் என்று பிரிபோவும் சொல்கிறான். பிரிபோ எங்கள் ரேடியோக்காரன், ரேடியோவில் கேட்டதை எழுதி மடித்து அதிகாரியிடம் கொடுப்பானே தவிர ஒரு வார்த்தை வாயால் சொல்ல மாட்டான், சத்தியப் பிரமாணம் எடுத்தவன். தராவாவிலிருந்து வருகிற தந்தி எல்லாம் எங்களுக்கு நாளைய தேதி போட்டு வரும். மூன்று வருஷம் முன்னால் ஜூலை பன்னிரண்டாம் தேதி என்று போட்டு 'இன்று சுதந்திர நாள், காலை எட்டு மணிக்குக் கொடி ஏற்றுக' என்று ஒரு தந்தி வந்தது. நாங்கள் அதைப் பிரித்தது பதினொன்றாம் தேதி. பிரித்த கையோடு கொடி ஏற்றி, பன்றி அடித்து, ஆடிப் பாடி முடித்து, மறுநாள் நாள்காட்டியைப் பார்த்து மறுபடியும் கொடி ஏற்றினோம். 'நாடு சுதந்திரம் பெற்றது ஒரு தடவைதான். தேதிக்கு முன்னால் செயல்படுவது ஒழுங்கீனம்' என்று தங்களிடமிருந்து குறிப்பாணை வந்தது. அன்றைக்கே சுவரில் இரண்டு ஆணி அடித்தோம். ஒன்று இன்று ஆணி, ஒன்று நாளை ஆணி. நாளைத் தேதி போட்ட தந்தி வந்தால் பிரிக்காமல் நாளை ஆணியில் மாட்டிவிடுவோம், மறுநாள் காலை இன்று ஆணிக்கு மாற்றிப் பிரிப்போம். அதற்குப் பிறகு எங்கள் தீவில் எதுவும் தேதிக்கு முன்னால் நடந்ததில்லை. ஜனவரி ஒன்றிலிருந்து நமக்கு ஒரே நாள் என்பதால் நாளை ஆணிக்கு வேலை போய்விட்டது.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை கப்பல் வந்துவிட்டது. பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களே, ஆண்டவர் கைவிடவில்லை என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்கு ஓடினேன். பாதி வழியில் பிரிபோ தாளை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"சார், தராவாலேர்ந்து ஒன்னு வந்திருக்கு."

"என்ன தேதி போட்டிருக்கு?"

"முப்பத்தொன்னு."

"அப்ப நாளை ஆணியில மாட்டு."

"சார், இது கொஞ்சம்..."

"பிரிபோ, நாம ரெண்டு தடவ கொடி ஏத்துனவங்க. மறந்துட்டியா?"

அவன் தாளோடு திரும்பிப் போனான். நான் படகைத் தள்ளிக்கொண்டு கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேப்டன் கதரக்கே தங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம், அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர் ஆணையைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"தாள்ல முப்பத்தொன்னு, சனிக்கிழமைன்னு இருக்கு. இன்னிக்கு முப்பது. சீக்கிரமே வந்துட்டேன். நாளைக்கு ஏத்திக்கிறேன்."

"கேப்டன், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒன்னாந்தேதி. சுற்றறிக்கை வந்திருக்குமே."

"வந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான் நங்கூரத்தத் தொடமாட்டேன். எங்கப்பா சாகும்போது வாக்குக் குடுத்தது. இருபத்தாறு வருஷம் காப்பாத்திட்டேன்."

"அப்ப எப்பதான் ஏத்துவீங்க?"

"சனிக்கிழமை வரட்டும்."

"அது வராது கேப்டன்."

"அது உங்க அமைச்சகத்து வேலை. நான் கப்பலோட்டுறவன்." பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி, ஒன்னு செய்ங்க. நீங்க தீவு அதிகாரி. 'வெள்ளிக்கிழமையே ஏற்றவும்'னு உங்க கையால ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே ஏத்திக்கிறேன்."

ஒரு வரி. மச்சான், தங்களிடம் மறைக்க மாட்டேன், அவர் பேனாவையும் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். துணைச் செயலாளர் போட்ட தேதியைத் தீவு அதிகாரி திருத்துவதா என்று யோசித்தேன். கொடி நினைவுக்கு வந்தது. குறிப்பாணை நினைவுக்கு வந்தது. பறவை எண்ணுகிறவர் நினைவுக்கு வந்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெண்டாட்டியோட அண்ணன் கையெழுத்துக்கு மேல நான் எப்படிங்க எழுதுறது" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன். வந்து தபேயாவிடம் சொன்னதும் அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வலி எடுக்க ஆரம்பித்தது. அன்றிரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, விதி என்ன சொன்னாலும் சரி.

விடிந்தது. ஞாயிறு. சர்ச் வாசலில் காலி கேஸ் சிலிண்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஊரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறது, போகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தெபோரா வெளியே வந்து, "இன்னிக்கு மதியத்துக்கு மேல தாங்காது" என்றாள். நான் படியில் உட்கார்ந்து, ஜெபம் செய்கிறேனா தேதியைக் கூட்டிக் கழிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அப்போது தபேயா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நின்றாள்.

"ஏங்க, படகத் தள்ளுங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கேப்டன் வாக்குக் குடுத்திருக்காரும்மா."

"தள்ளுறீங்களா, நான் நீந்திப் போகட்டுமா?"

தள்ளினேன். தெபோரா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், நான் துடுப்புப் போட்டேன். திட்டின் வாயில் ஒரு அலை படகைத் தூக்கித் தொப்பென்று போட்டது, தபேயா ஒரு கத்து கத்தினாள், என் கையிலிருந்து துடுப்பு நழுவியது, தெபோராதான் எட்டிப் பிடித்தாள். அவ்வளவுதான், மூன்றாவதும் போச்சு என்று நான் நினைத்தேன். துடுப்பை வாங்கி மறுபடி போட்டேன்.

கப்பலில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தோடு மேல்தட்டில் நின்றிருந்தார்கள். தபேயாவை மேலே ஏற்றிவிட்டதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி விட்டு விட்டு வருகிற இடைவெளியில் பேசினாள். தங்கள் தங்கை வலியிலும் முறை தவறவில்லை மச்சான், முதலில் கேப்டனின் அம்மா எந்த ஊர் என்று கேட்டாள். அபேமாமா என்றார். அபேமாமாவில் எந்த வீடு என்றாள். சொன்னார். "அப்ப எங்கம்மாவுக்கும் உங்கம்மாவுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா. நீங்க எனக்கு அண்ணன் முறை" என்றாள். கேப்டன், "இருக்கலாம்" என்று இழுத்தார். அடுத்தது என்ன வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாலுமிகளுக்கும் தெரியும்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரு புபுசி."

கேப்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொந்தக்காரி புபுசி என்று வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லையென்று சொன்னவனை எந்த மனேபாவில் உட்காரவிடுவார்கள்? என் சைக்கிளும் சமையல் பானையும் இரண்டு கைலியும் அப்படிப் போனவைதானே.

"கப்பலக் கேக்காத தங்கச்சி. அது அரசாங்கத்தோடது."

"கப்பல் வேணாம்."

"ஞாயித்துக்கிழமையக் கேக்காத. அது ஆண்டவரோடது."

"அதுவும் வேணாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க சனிக்கிழமையக் குடுங்க. உங்ககிட்டதான் ஒன்னு மிச்சம் இருக்கு."

அவள் கை காட்டிய இடத்தில், சுக்கான் அறைச் சுவரில், தினம் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. வெள்ளி, முப்பது என்று இருந்தது. காலையில் யாரும் கிழிக்கவில்லை. எத்தனை தாள் கிழிப்பது என்று அவர்களுக்கும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். கேப்டன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தங்கள் சுற்றறிக்கையை எடுத்து நாலாவது பத்தியை இரண்டு தடவை படித்தார்.

"'இத்தீவுகளில்'னுதான் போட்டிருக்கு. கடலப் பத்தி ஒன்னும் சொல்லல" என்றார். போய் வெள்ளிக்கிழமையைக் கிழித்தார். ஒரு தாள் மட்டும். அடியில் சனி, முப்பத்தொன்று. "குடுத்துட்டேன் தங்கச்சி" என்றார். மாலுமிகளைப் பார்த்து, "இன்னிக்குச் சனிக்கிழமை. புத்தகத்த உள்ள வைங்கடா. நங்கூரத்தத் தூக்கு" என்றார்.

தூக்கினார்கள். கரையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இங்கே சனிக்கிழமை என்பதால் ஒருவன் தளத்தைத் தேய்க்கிறான், ஒருவன் துணி துவைத்துக் காயப்போடுகிறான், நான் இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரு எண்ணெய்ப் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். மத்தியானம் ஆனது. தபேயாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. கேட்காமல் போனதும் துணி காயப்போட்டவன்கூட அப்படியே நின்றுவிட்டான். நேற்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் அவள் டாக்டர் முன்னால் இருந்திருப்பாள், நான் எழுதவில்லை, தேதிக்குப் பயந்தவன் பெண்டாட்டியைப் பற்றிப் பயப்படவில்லையே என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இரண்டரை மணிக்கு ஒரு சின்னச் சத்தம் வந்தது. பூனைக்குட்டி என்று நினைத்தேன், கப்பலில் பூனை கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. தெபோரா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பொண்ணு. திட்டுல அலை தூக்கிப் போட்டுச்சே, அப்பவே திரும்பிடுச்சு போல. தலைதான் முதல்ல வந்துச்சு. அம்மாவும் நல்லா இருக்கா. நீங்க பீப்பாய விடலாம்" என்றாள். விட்டேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன். கேப்டனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஒருவேளை வாக்கை நினைத்து அழுதிருக்கலாம்.

மறுநாள் கிறிஸ்மஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கரையில் திங்கட்கிழமை. கேப்டன் காலண்டரில் அடுத்த தாளைக் கிழித்திருந்தார், கப்பலில் ஞாயிறு. நங்கூரம் போடாமல் துறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு நின்றுவிட்டார், வாக்கு வாக்குதான். டாக்டரே படகில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குத் தங்கள் அம்மாவின் பெயரை, கத்திமிரா என்று வைத்திருக்கிறோம். இன்று காலைதான் அதே கப்பலில் வீடு திரும்பினோம்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். கேப்டன் தன் பதிவேட்டில் 'சனி 31-12-1994, மதியம் 2.30, பெண் குழந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். தீவின் பிறப்புப் பதிவேட்டில் நான் அதையே எழுதினால் நாலாவது பத்தி, நடவடிக்கை, அடியில் கோடு. ஒன்றாம் தேதி ஞாயிறு என்று எழுதினால் கேப்டன் ஞாயிற்றுக்கிழமை நங்கூரம் தூக்கியவர் ஆகிறார், செத்த அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை முறித்தவர் ஆகிறார், அப்படி எழுதினால் இனி இந்தத் தீவுக்கு அரிசி மூட்டை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எந்தத் தேதி போடுவது என்று தெரியாததால்தான் குழந்தை பிறந்த செய்தியைத் தங்களுக்குத் தந்தியில்கூடச் சொல்லவில்லை. தேதி இல்லாமல் பிறப்புச் செய்தி அனுப்பக் கூடாதே. தாங்களும் இந்தப் பன்னிரண்டு நாளும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. இன்று ஆணி காலியாக இருக்கிறது. என் மேல் கோபம் என்று புரிகிறது. நான் அனுப்பிய தந்தியில் 'தாங்களும் கவனித்தால்' என்று எழுதியது திமிராகப் பட்டிருக்கும், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆணையில் இருந்த தேதியைப் பற்றி நான் இனி எங்கும் வாய் திறக்க மாட்டேன். தாங்கள் ஒரு தேதியைத் தீர்மானித்துச் சொன்னால் என் மகள் அன்றைக்குப் பிறந்துகொள்வாள்.

தங்கள் வீட்டுக் கூரையில் மழை ஒழுகாதிருக்கட்டும், வலையில் மீன் குறையாதிருக்கட்டும், தங்கள் பேனாவில் என் பெயர் வராதிருக்கட்டும் என்று வேண்டி, அக்காவின் முழங்காலை மறுபடி விசாரித்து, கப்பல் இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புவதால் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்பணியாளனும் தங்கை புருஷனும்,
கபுரோரோ

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்த நேரத்தில் தபேயா குழந்தைக்குக் கொசுவலை கட்ட ஆணி தேடிக்கொண்டு அலுவலக அறைக்கு வந்தாள். "இந்த ஆணியில என்னமோ தொங்குதே, எடுத்துடட்டுமா?" என்றாள். நாளை ஆணி. முப்பத்தொன்றாம் தேதி வந்ததும் பிரிக்க வேண்டிய தந்தி. முப்பத்தொன்றாம் தேதி வராததால் அது அங்கேயே இருந்திருக்கிறது. பிரித்து வாசித்தாள், சத்தமாக: 'கபுரோரோ. உன் தந்தி இப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை, அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி அனுப்புகிறேன். ஆணையில் நான் போட்ட 31 தராவாவின் 31. உங்களுக்கு அது இன்று, வெள்ளி. பிரித்த நிமிடமே தங்கையைக் கப்பலில் ஏற்று. கேப்டனிடம் இதைக் காட்டு. தேதி, விதி, சுற்றறிக்கை எதையும் பார்க்காதே. முடிவை முதல் வரியில் எழுதிப் பதில் அனுப்பு. பதில் வரும் முன் மறு கேள்வி கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. ஆகவே காத்திருக்கிறேன். யோதேபா.'

பிரிபோ வாசலில் நின்று, "அன்னிக்கே சொல்ல வந்தேன் சார்" என்றான். தபேயா இந்தக் கடிதத்தையும் வாங்கி முழுவதும் படித்தாள். "எங்கண்ணன் பன்னெண்டு நாளா நான் இருக்கேனா செத்தேனான்னு தெரியாம உக்காந்திருக்கு. நீங்க மழையப் பத்தியும் கொடிக்கம்பத்தப் பத்தியும் எழுதியிருக்கீங்க" என்றாள். அதோடு நேராக ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்து, தராவாவில் தங்களைக் கூப்பிடச் சொல்லி, தேதி எதுவும் சொல்லாமல், "அண்ணா, நான்தான். நல்லா இருக்கேன். பொண்ணு" என்றாள். இரைச்சலுக்கு நடுவே தங்கள் குரல், "சரி" என்றது. அந்த ஒரு சொல்லை இவ்வளவு மெல்லத் தாங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே செய்தி தங்களுக்கு வந்துவிட்டது, இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் எழுத ஆரம்பிக்கும்போதே இதைத் தபால் பதிவேட்டில் வரவு வைத்துப் பிரிபோ எண் போட்டுவிட்டான், எண் போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று தங்கள் விதி. அதனால் தங்கள் அலுவலகச் சுவரிலும் ஒரு நாளை ஆணி அடித்து, இதைப் பிரிக்காமல் மாட்டி வைத்து, 31-12-1994 எங்கள் தீவுக்கு வருகிற அன்று முதல் வேலையாகப் பிரித்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மச்சான், இது என் புபுசி.